கண்ணுக்குள் எந்த லென்ஸ்? விலையைக் கேட்குமுன் தொழிலைச் சொல்லுங்கள்

தாராவி 90 அடி ரோட்டில் இருந்து பிரியும் சந்து ஒன்றில் பத்துக்கு எட்டு அடியில் ஓர் அறை. அதில் இரண்டு தையல் மெஷின்கள். ஒரு மெஷினுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் ஒரு மூக்குக் கண்ணாடி தொங்கும்.

வெளியே போகும்போது கண்ணாடி மூக்கில் ஏறும். மெஷினில் உட்கார்ந்தால் ஆணிக்குப் போய்விடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் வழக்கம்.

மெஷினுக்கு உரியவர் நெல்லை மாவட்டத்துக்காரர். 1979-ஆம் ஆண்டில், தம்முடைய 18-வது வயதில், அண்ணன் கையைப் பிடித்துக் கொண்டு தாதரில் வந்து இறங்கியவர். பிளவுஸ் தைப்பதில் பெயர் எடுத்தவர். சயான், மாதுங்கா பக்கத்துப் பெண்கள் கூட அளவு ரவிக்கையைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அவருக்குச் சிறு வயதில் இருந்தே கிட்டப்பார்வை. கண்ணாடியின் பவர் மைனஸ் 3. தூரத்தில் வருகிற பஸ்சின் நம்பர் தெரியாது. ஆனால் ஊசிக் காது, கொக்கி, காஜா எல்லாம் வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். நாற்பது வயதில் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்து, அவர் தொழிலைத் தொடவே இல்லை. கூட்டாளிகள் எல்லாம் பிளாட்பாரத்தில் படிக்கும் கண்ணாடி வாங்கிய காலத்தில், "நமக்கு அது தேவையில்லை" என்று சிரித்தவர்.

சென்ற ஆண்டு அந்தச் சிரிப்பு நின்றது. டியூப் லைட்டைச் சுற்றிப் புகை போல் தெரிந்தது. கருநீல நூலுக்கும் கறுப்பு நூலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பிளவுசில் நூல் நிறம் மாறி, பிரித்துத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. மகள் அந்தேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர்தான் தகப்பனாரை ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். ஆபரேஷன் செய்து லென்ஸ் வைக்க வேண்டும் என்றார்கள்.

பிறகு ஒரு கவுன்சிலர் பெண், அச்சடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். அதில் நான்கு வரிசை. ஒரு கண்ணுக்கு 28 ஆயிரம் ரூபாயில் தொடங்கி, 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாயில் முடிந்தது. "மேலே இருப்பது சாதா. கீழே இருப்பது பிரீமியம். பிரீமியம் வைத்தால் தூரம், பக்கம் எல்லாம் தெரியும். கண்ணாடியே வேண்டாம். சாதா வைத்தால் பக்கத்துக்குக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும்" என்று இந்தியில் விளக்கினார்.

இரண்டு கண்ணுக்கும் 2 லட்சத்து 20 ஆயிரம்!

"அப்பா, செயினை வச்சிருவோம். கண்ணு விஷயம்" என்றார் மகள்.

"உன் கல்யாணத்துக்குச் சேர்த்தது பிள்ளே. ஊசி தெரிஞ்சா போதும் எனக்கு" என்றார் பெரியவர்.

இந்த இடத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் இடறுகின்றன. அந்த ஆஸ்பத்திரியில் பெரியவரின் வயதைக் கேட்டார்கள். சர்க்கரை உண்டா என்று கேட்டார்கள். இன்சூரன்ஸ் உண்டா என்றும் கேட்டார்கள். "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

புரை என்பது என்ன?

கண்ணின் கறுப்புப் பாவைக்குப் பின்னால், மொச்சைக் கொட்டையைப் போல் ஓர் உருவம் இருக்கிறது. அதுதான் இயற்கை லென்ஸ். குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கனம் நான்கு மில்லிமீட்டர் இருக்கும். பிறக்கும்போது கண்ணாடி போல் தெளிவாக இருப்பது, வயதாக ஆக மங்குகிறது. மஞ்சளாகி, பழுப்பாகி, சிலருக்கு வெள்ளையாகவே ஆகிவிடுகிறது. அதைத்தான் புரை என்கிறோம். அது கண்ணின் மேல் வளரும் சதை அல்ல. சொட்டு மருந்தில் கரையாது. பத்தியத்தில் போகாது. மங்கிய லென்சை எடுத்துவிட்டு, வேறு லென்ஸ் வைப்பது ஒன்றே வழி.

மும்பையில் இருக்கும் நம்மவர்களுக்கு இங்கே ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. மராத்தியில் கண்புரைக்கு 'மோதிபிந்து' என்று பெயர். கண் நீர் அழுத்த நோய்க்குக் 'காச்பிந்து' என்று பெயர். இந்திக்காரர்கள் அதையே 'காலா மோதியா' என்பார்கள். எல்லாம் 'பிந்து'தானே, எல்லாம் 'மோதியா'தானே என்று நினைத்து, "லென்ஸ் வைத்தால் சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு. காச்பிந்துவில் கண் நரம்பு கெடுகிறது. போன பார்வை எந்த லென்சாலும் திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டு, இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். ஆகையால் டாக்டர் சொன்னது மோதியா, காச்சா என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சோடாபுட்டிக் காலம்

ஊரில் தாத்தா பாட்டி ஆபரேஷன் செய்துகொண்டு வந்ததைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாளில் புரையை எடுப்பார்கள். பதிலுக்கு உள்ளே எதையும் வைக்க மாட்டார்கள். வெளியே மூக்கில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி ஏறும். அதன் பவர் பிளஸ் 10 அளவில் இருக்கும். பார்ப்பதெல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். படி ஒரு இடத்தில் இருக்கும், கால் வேறு இடத்தில் விழும். பக்கவாட்டில் வருகிற ஆள் திடீரென்று முளைத்தது போல் வருவார். கண்ணாடி உடைந்தால் அன்றைக்குக் குருடு.

இந்த நிலையை மாற்றியவர் லண்டன் டாக்டர் ஹரால்டு ரிட்லி.

1940-இல் ஜெர்மானிய விமானங்களுடன் பிரிட்டிஷ் விமானிகள் வானத்தில் சண்டையிட்டார்கள். குண்டு பட்டு விமானத்தின் மூடி நொறுங்கியது. அந்த மூடி பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. தெறித்த சில்லுகள் சில விமானிகளின் கண்ணுக்குள் புகுந்துவிட்டன. அவர்களுக்குச் சிகிச்சை செய்தவர்களில் ரிட்லியும் ஒருவர். சாதாரணமாகக் கண்ணுக்குள் தூசி விழுந்தாலே சிவந்து வீங்கும். ஆனால் இந்தச் சில்லு ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தும் கண் அதை எதிர்க்கவில்லை. கண் சும்மா இருந்தது!

அதை ரிட்லி மனதில் வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள், புரை ஆபரேஷனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவ மாணவர், "எடுத்த லென்சுக்குப் பதில் வேறு வைக்க மாட்டீர்களா?" என்று கேட்டாராம். 1949 நவம்பர் 29-ந் தேதி, லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில், 45 வயதுப் பெண்மணி ஒருவருக்கு அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்சைப் பொருத்தினார் ரிட்லி.

லென்ஸ் நன்றாக ஒட்டிக்கொண்டது. பவர்தான் தவறிவிட்டது. அந்த அம்மாளுக்கு மைனஸ் 18 அளவில் கடுமையான கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. கண்ணுக்குள் எந்தப் பவர் வைக்க வேண்டும் என்று அளக்கும் வழி அந்த நாளில் தேர்ந்திருக்கவில்லை. அந்த முதல் தவறுதான், இன்றைக்கு ஆபரேஷனுக்கு முன்னால் நம் தாடையை ஒரு ஸ்டாண்டில் வைக்கச் சொல்லி அளவு எடுப்பதற்கெல்லாம் மூலம்.

பெரிய பெரிய டாக்டர்கள் ரிட்லியை எதிர்த்தார்கள். கண்ணில் இருந்து அன்னியப் பொருளை எடுப்பதுதான் டாக்டர் வேலை, வைப்பதல்ல என்றார்கள். அமெரிக்க அரசு 1981-இல்தான் இந்த லென்சுகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. ரிட்லிக்கு 'சர்' பட்டம் கிடைத்தது 2000-ஆம் ஆண்டில், 93-வது வயதில். அதற்குள் அவர் கண்ணிலும் புரை வந்து, தாம் கண்டுபிடித்த லென்சையே தம் கண்ணிலும் வைத்துக்கொண்டுவிட்டார். 2001-இல் காலமானார்.

மதுரையில் இருந்து

லென்ஸ் வந்துவிட்டது. ஆனால் விலை? வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்ற காலம். ஏழைக்கு மறுபடியும் சோடாபுட்டிதான்.

மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி, அரசாங்க வேலையில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போன அவர், அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர் என்பது தமிழர்கள் அறிந்த செய்தி. அந்த ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் 1992-இல் 'ஆரோலேப்' என்ற லென்ஸ் தொழிற்சாலையை மதுரையில் ஆரம்பித்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு அதற்கும் கீழே போனது. இன்றைக்கு அந்த லென்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இந்தியாவில் மற்றக் கம்பெனிகளும் லென்ஸ் செய்கின்றன.

அதனால், "இம்போர்ட்டட் என்றால் உசத்தி, உள்ளூர் என்றால் மட்டம்" என்று கவுன்டரில் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் கண் லென்சுகளை 2005-ஆம் ஆண்டிலேயே மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்துவிட்டார்கள்.

அளவுதான் முதல்

லென்ஸ் எந்தக் கம்பெனி என்பதைவிட, அளவு சரியா என்பது முக்கியம். தையல்காரரின் பாஷையில் சொன்னால், துணி பட்டாக இருந்து என்ன? அளவு தப்பினால் ரவிக்கை ஏறாது.

இரண்டு விஷயங்களை அளக்கிறார்கள். கருவிழியின் வளைவு ஒன்று. கண்ணின் முன்புறத்தில் இருந்து பின்னால் விழித்திரை வரை உள்ள நீளம் மற்றொன்று. சராசரிக் கண்ணின் நீளம் இருபத்து மூன்றரை மில்லிமீட்டர். இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், கண்ணாடிப் பவரில் ஏறக்குறைய மூன்று பிசகிவிடும். ஒளியால் அளக்கும் மெஷின் நுட்பமானது. புரை மிகவும் முற்றிவிட்டால் ஒளி உள்ளே புகாது. அப்போது ஒலி அலையால் அளக்க வேண்டியிருக்கும். புரை 'பழுக்கட்டும்' என்று காத்திருப்பது பழைய காலத்துப் பேச்சு. காத்திருந்தால் அளவும் கஷ்டம், ஆபரேஷனும் கஷ்டம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவு எடுப்பதற்குச் சில நாட்கள் முன்பே அதை நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்று டாக்டர் சொல்வார். இளவயதில் லேசர் வைத்துக் கண்ணாடியைக் கழற்றியவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். லேசரில் கருவிழி வளைவு மாறியிருப்பதால், வழக்கமான கணக்கு அவர்களுக்குத் தப்பும். பழைய ரிக்கார்டு இருந்தால் பொக்கிஷம்.

ஒரே தூரம் - எந்தத் தூரம்?

கவுன்சிலர் பெண் 'சாதா' என்று சொன்னாரே, அதற்கு மோனோபோகல் என்று பெயர். ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் லென்ஸ். உலகத்தில் பெரும்பாலோருக்கு வைப்பது இதுதான். ஒளி முழுவதையும் ஒரே இடத்தில் சேர்ப்பதால் இதன் தெளிவு அபாரம். 'சாதா' என்ற சொல்லே இந்த லென்சுக்குச் செய்யும் அநியாயம். 'பிரீமியம்' என்ற சொல் வாங்குகிறவர் பையைப் பார்த்து வைத்த பெயர், கண்ணைப் பார்த்து வைத்த பெயர் அல்ல.

ஒரே தூரம் என்றால் எந்தத் தூரம்? இதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கேட்காவிட்டால், வழக்கமாகத் தொலைவுப் பார்வைக்கு வைத்துவிடுவார்கள். ரோட்டில் நடக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், டெலிவிஷன் பார்க்கிறவர் எல்லோருக்கும் அது சரி. படிக்கும்போது மட்டும் ஒரு கண்ணாடி போட்டால் போதும்.

ஆனால் நம் தாராவிப் பெரியவருக்கு? வாழ்நாள் முழுவதும் வெறும் கண்ணால் ஊசி பார்த்தவர். தொலைவுக்கு லென்ஸ் வைத்திருந்தால், மறுநாள் தாதர் ஸ்டேஷன் இன்டிகேட்டர் பளிச்சென்று தெரியும். மெஷினில் உட்கார்ந்தால் ஊசி மங்கல்! பத்து மணி நேர வேலைக்கும் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பது கைப்பழக்கமாகிவிட்டவருக்கு, கழற்றினால் தெரியாது என்பது எவ்வளவு பெரிய இழப்பு! "ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, ஆனால் பார்வை சரியில்லை" என்று சில பேர் புலம்புவதன் ரகசியம் இதுதான்.

மோனோபோகல் லென்சைப் பக்கத்துக்கும் வைக்கலாம். அதற்குத் தனி லென்சும் வேண்டாம், தனி விலையும் வேண்டாம். பவரை மாற்றித் தேர்ந்தெடுத்தால் போதும். பொற்கொல்லர், கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர், தையல்காரர், பகல் முழுவதும் புத்தகமும் கையுமாக இருக்கிற கிட்டப்பார்வைக்காரர் ஆகியோர் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மறு கண்ணைப் பக்கத்துக்கும் வைக்கும் முறையும் இருக்கிறது. மூளை இரண்டையும் சேர்த்துப் பழகிக்கொள்ளும். எல்லோருக்கும் பழகாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டு முதலில் சோதித்துப் பார்க்கலாம்.

வாஷி மார்க்கெட் டெம்போ

இனி அந்த ஒரு லட்ச ரூபாய் லென்ஸ். மல்ட்டிபோகல் என்று பெயர். இதன் பரப்பில் நுண்ணிய வளையங்கள் இருக்கின்றன. உள்ளே வருகிற ஒளியை அவை பங்கு போடுகின்றன. ஒரு பங்கு தொலைவுக்கு, ஒரு பங்கு பக்கத்துக்கு. இக்காலத்து லென்சுகளில் நடுத்தூரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இன்னும் கொஞ்சம் ஒளி எங்கும் சேராமல் சிதறிப் போகும்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பகலில் நடமாட்டம், செல்போன், மெனு கார்டு எல்லாவற்றையும் கண்ணாடியில்லாமல் பார்க்க வேண்டும் என்பவருக்கு இது வரப்பிரசாதம். வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறவர்கள் ஏராளம்.

ஆனால் பங்கு போட்ட சொத்து குறையத்தானே செய்யும்? மங்கிய வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரித்துப் பார்க்கும் கூர்மை சற்றுக் குறையும். இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும்.

முலுண்டில் வசிக்கும் ஒரு தமிழர், வயது 58. சொந்த டெம்போவில் வாஷி மார்க்கெட்டில் இருந்து காய்கறி ஏற்றிக் கடைகளுக்குப் போடுகிறார். இரவு இரண்டு மணிக்கு வண்டியை எடுப்பார். "எல்லாவற்றிலும் உசத்தியானதை வையுங்கள்" என்று சொல்லி, கடன் வாங்கி, இரண்டு கண்ணிலும் மல்ட்டிபோகல் வைத்துக்கொண்டார். பில் புத்தகம் கண்ணாடியில்லாமல் தெரிந்தது. பிள்ளைகளுக்கெல்லாம் பெருமை. முதல் ராத்திரி ஐரோலி பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். எதிரே வந்த ஒவ்வொரு லாரி விளக்கும் சக்கரமாகச் சுற்றியதாம்.

டாக்டர் காத்திருக்கச் சொன்னார். சில மாதங்களில் பலருக்கு மூளை அந்த வளையங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இவருக்கும் கொஞ்சம் குறைந்தது, முழுவதும் போகவில்லை. இப்போது இரவு வண்டியை மைத்துனர் ஓட்டுகிறார். பகல் லோடு மட்டும் இவருக்கு. வருமானத்தில் பாதி போயிற்று.

வேண்டாமென்றால் லென்சை மாற்ற முடியாதா? ஆரம்பத்தில் முடியும். நாள் ஆக ஆக, கண்ணுக்குள் இருக்கும் சவ்வுப் பை லென்சை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு எடுப்பது முதல் ஆபரேஷனைவிடக் கடினம். சட்டை மாற்றுவது போல் மாற்றுகிற காரியம் அல்ல.

இரண்டுக்கும் நடுவே 'இடாஃப்' என்ற வகை வந்திருக்கிறது. தொலைவில் இருந்து கம்ப்யூட்டர் தூரம் வரை நீட்டித் தெளிவு தருவது. வளையத் தொல்லை மல்ட்டிபோகலைவிடப் பொதுவாகக் குறைவு. பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கலாம்.

சர்க்கரை வியாதியால் விழித்திரையில் கசிவு இருப்பவர்கள், காச்பிந்து உள்ளவர்கள், விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்தவர்கள், இவர்களுக்கு ஒளியைப் பங்கு போடும் லென்சை டாக்டர்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். ஏற்கெனவே குறைந்த பார்வையை மேலும் பங்கு போடுவானேன்? நம்மவர்களில் சர்க்கரை இல்லாத வீடு எது? ஆகவே லென்ஸ் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பு, பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா என்று கேட்பது அவசியம்.

சாய்வுக் கோளாறு

காகிதத்தில் 'டோரிக்' என்று ஒரு வரிசை இருக்கும். கருவிழி பந்து போல் சீராக வளையாமல், முட்டை போல் ஒரு பக்கம் அதிகம் வளைந்திருந்தால், கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று எழுதுவார்கள். அது அதிகமாக இருப்பவருக்கு டோரிக் லென்ஸ் உண்மையிலேயே உதவும். இல்லாதவருக்கு வீண் செலவு.

இந்த லென்சைக் குறித்த கோணத்தில் உட்கார வைக்க வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் பலனில் நூற்றுக்கு மூன்று பங்கு போகும். முப்பது டிகிரி திரும்பினால் வைத்ததும் வைக்காததும் ஒன்று. மல்லாந்து படுக்கும்போது கண் லேசாகச் சுழலும் என்பதால், நோயாளியை உட்கார வைத்தே கருவிழியில் மையால் அடையாளம் போடுகிறார்கள். அதே வேலையைச் செய்யும் மெஷினும் வந்துவிட்டது.

மடிக்கிற லென்சும் மடிக்காததும்

பழைய பெர்ஸ்பெக்ஸ் வகை லென்ஸ் மடியாது. அதை நுழைக்க ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாத வழி வேண்டும். இலவச முகாம்களில் செய்யும் தையலில்லாத ஆபரேஷனில் இந்த வகை ஏராளமாகப் பயன்படுகிறது. மடிக்கிற லென்சுக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வழி போதும். காயம் சீக்கிரம் ஆறும். அதற்காக, முகாமில் மடியாத லென்ஸ் வைத்துக்கொண்ட பாட்டியைப் பார்த்து "ஏமாந்துவிட்டாய்" என்று சொல்கிறவர்கள் வாயை மூடலாம். கைதேர்ந்த டாக்டர் வைத்தால் அந்த லென்சிலும் அருமையான பார்வை கிடைக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் மங்கினால், "புரை திரும்பி வந்துவிட்டது, லென்ஸ் கெட்டுவிட்டது" என்று பயப்படுகிறார்கள். லென்ஸ் கெடுவதில்லை. அதைத் தாங்கும் பின்பக்கச் சவ்வு மங்குகிறது. லேசர் கதிரால் அதில் ஒரு சிறு ஜன்னல் திறப்பார்கள். சில நிமிட வேலை. கத்தி இல்லை.

பணம்

மத்திய அரசு 1976-இல் தொடங்கிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரிகளிலும், சேர்ந்த தரும ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாக லென்ஸ் வைக்கிறார்கள். 2024 அக்டோபர் 29 முதல், 70 வயது நிரம்பிய அனைவரும், வருமான வரம்பில்லாமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேரலாம் என்றாகியிருக்கிறது. கண்புரை ஆபரேஷனும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆதார் கார்டில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். ஊரில் இருந்து வந்த பெரியவர்கள் பலருக்கு வயதே உத்தேசக் கணக்குத்தானே!

தனியார் இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள், பாலிசியில் கண்புரைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல பாலிசிகளில் இருக்கிறது. மல்ட்டிபோகலுக்கு ஆகும் கூடுதல் தொகையைக் கொடுக்க மறுக்கும் கம்பெனிகளும் உண்டு. ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொண்டால், பிறகு கவுன்டரில் நின்று சண்டை போட வேண்டியிருக்காது.

பதினாறு அங்குலம்

தாராவிப் பெரியவர் செயினை அடகு வைக்க விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதன் பேரில், மகள் அவரை ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே வரிசை நீளம். காலை ஏழு மணிக்கு டோக்கன் எடுத்து, மதியம் இரண்டு மணிக்கு டாக்டரைப் பார்த்தார்கள்.

பழைய கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்த டாக்டர், "இதைப் போட்டுக்கொண்டா வேலை செய்கிறீர்கள்?" என்றார்.

"இல்லீங்க சார், கழட்டிட்டுத்தான்" என்றார் பெரியவர். மகள் அதை இந்தியில் சொன்னார்.

"என்ன வேலை?"

அந்தக் கேள்வி வந்துவிட்டது!

ஊசிக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து வரச் சொன்னார் டாக்டர். வீட்டுக்கு வந்து, மெஷினில் உட்கார்ந்து, மகளை விட்டுத் தம் இஞ்சு டேப்பாலேயே அளக்கச் சொன்னார் பெரியவர். பதினாறு அங்குலம். அதாவது 40 சென்டிமீட்டர். நூறை நாற்பதால் வகுத்தால் இரண்டரை. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணில் மைனஸ் இரண்டரை மிஞ்சும்படி லென்ஸ் பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மடிக்கிற மோனோபோகல் லென்ஸ்தான். புரை அதிகமாக இருந்த இடது கண்ணுக்கு முதலில் வைத்தார்கள்.

இப்படிச் செய்ததில் இன்னொரு வசதியும் இருந்தது. வலது கண்ணில் இன்னும் பழைய மைனஸ் 3 இருக்கிறது. இடது கண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்திருந்தால், ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் பொருந்தாமல், இரண்டாவது ஆபரேஷன் வரை தலை சுற்றியிருக்கும்.

டிஸ்சார்ஜ் காகிதத்தோடு ஒரு சிறிய அட்டை கொடுத்தார்கள். அதில் லென்சின் பெயர், பவர், நம்பர் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ரேஷன் கார்டோடு வைத்துப் பாதுகாக்க வேண்டிய அட்டை அது. மகள் ஸ்டிக்கரைப் படித்துப் பார்த்தார். தயாரித்த ஊர் மதுரை என்று இருந்தது. "நம்ம பக்கத்துச் சாமானா?" என்று கேட்டாராம் பெரியவர்.

ஒரு மாதம் சொட்டு மருந்து. தலைக்குத் தண்ணீர் ஊற்றத் தடை. மெஷினை மிதிக்கத் தடை. அந்த நாட்களில் வந்த துணியை எல்லாம் பக்கத்து மெஷின்காரரிடம் கொடுத்துவிட்டார். ஐந்தாவது வாரம் உட்கார்ந்தார். கருநீல நூல்கண்டை ஒரு கையிலும் கறுப்பு நூல்கண்டை ஒரு கையிலும் எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கருநீலத்தை ஊசியில் கோர்த்தார்.

தூரத்துக்குப் புதிய கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பவர் இரண்டரை. அது அதே ஆணியில் தொங்குகிறது. வலது கண்ணுக்கும் தேதி கொடுத்துவிட்டார்கள். தீபாவளித் துணி முடிந்த பிறகு வருகிறேன் என்று தேதியைத் தள்ளி வாங்கியிருக்கிறார்.